நொடியை விழுங்கிய பைண்டிங்: சிம்மக்கல் சந்துக் கடை அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற பிரிண்டிங், பைண்டிங் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதைக் கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லித் தீர்த்தும் ஆகிவிட்டது, இனிமேல் பெயரை வேறு தெருவுக்கு இழுப்பானேன். பழைய புத்தகத்தின் ஸ்கேனை பென்டிரைவில் வைத்துக்கொண்டு இதை எப்படிப் புத்தகமாக்குவது என்று முழிப்பவர்களுக்கு இது உதவும். மார்க் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் ஒன்றரைதான்.

கொடுத்த வேலை இது. கணித மேதை கௌஸும் ஷூமாக்கர் என்பவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். ஜெர்மன் மொழி. பீட்டர்ஸ் என்ற வானியலாளர் தொகுத்து, ஆல்டோனா என்ற ஊரில் 1860 முதல் 1865 வரை ஆறு தொகுதியாக அச்சாகி வந்தவை. ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கிறது, மகள் இறக்கிக் கொடுத்தாள். முதல் இரண்டு தொகுதியை மட்டும் அச்சடித்துக் கட்டித் தரச் சொன்னேன்.

"யாரு சார் இது, ரேஸ் கார் ஓட்டுறவரா?" என்றார் கடைத் தம்பி. ஷூமாக்கர் என்றால் யாருக்கும் அதுதான் ஞாபகம் வரும். இவர் ஹைன்ரிக் கிறிஸ்டியன் ஷூமாக்கர், 1780இல் பிறந்து 1850இல் இறந்தவர், ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில் குடியிருந்த வானியலாளர். அந்த ஊர் அப்போது டென்மார்க் அரசர் கையில் இருந்தது. அந்த அரசர் கொடுத்த ஆதரவில் 1821இல் 'அஸ்ட்ரோனோமிஷே நாஹ்ரிஷ்டன்' என்று ஒரு வானியல் இதழைத் தொடங்கினார். அந்த இதழ் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. டென்மார்க் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த வேலையும் அவருடையதுதான். அந்த வேலையைத் தெற்கே ஹானோவர் நாட்டுக்குள் நீட்டியவர் கௌஸ்.

எனக்கு ஏன் இந்த வம்பு என்றால், நான் முப்பத்து மூன்று வருஷம் நில அளவையில் குப்பை கொட்டியவன். சங்கிலி இழுத்த காலத்தில் சேர்ந்து டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணுக் கருவிக் காலத்தில் ஓய்வு பெற்றேன். கடைசி நாளில் கூட வேலை பார்த்த ஒருவர் பழைய ஜெர்மன் பத்து மார்க் நோட்டு ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். யூரோ வந்த பிறகு புழக்கத்தில் இல்லாத நோட்டு. முன்பக்கம் கௌஸ் முகம், பின்பக்கம் கோணம் பார்க்கும் ஒரு கருவி, அதன் கீழே ஓரமாகச் சின்னதாய் ஒரு முக்கோண வலை. சர்வே படத்தைப் பணத்தில் அச்சடித்த ஊரும் இருக்கிறது பாருங்கள். நம்ம ஊரில் சர்வேயர் என்றால் உட்பிரிவுக்கு அலைய விடுகிறவன் என்றுதான் பேர். அன்று பிடித்த கிறுக்கு இது.

ஜெர்மன் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. போன் கேமராவைப் பக்கத்துக்கு மேலே பிடித்தால் ஆங்கிலமாக்கிக் காட்டுகிறது, அரைகுறைதான், ஆனால் டிகிரி, நிமிடம், நொடி படிக்க மொழி எதற்கு. திரையில் வைத்துப் படித்தால் கண் எரிகிறது, ஓரத்தில் பென்சிலால் குறிக்கவும் முடியாது. அதனால்தான் காகிதம்.

சரி, கடைக்கு வருகிறேன். மே மாசக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அது என் தப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடை முழுக்க நோட்டும் கைடும் குவிந்து கிடந்தன. மூன்று நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. நடுவில் இரண்டு தடவை போய் நின்றேன், இரண்டு தடவையும் "காயுது சார்" என்ற ஒரே பதில். வாங்கிப் பார்த்தால் வெளியே அருமை. மெரூன் கேலிகோ துணி, முதுகில் தங்க எழுத்து, மூலை எல்லாம் ஒழுங்காக மடித்திருந்தது. பிரித்தால் புத்தகம் விரிய மாட்டேன் என்கிறது. தாளை அடுக்கி ஓரத்தில் துளை போட்டு ரசீதுப் புத்தகம் மாதிரி குத்தித் தைத்திருக்கிறார்கள். அச்சிலும் முதுகோரத்தில் இடம் விடவில்லை. இடப்பக்கத்தில் வரி முடிவும் வலப்பக்கத்தில் வரி தொடக்கமும் தையலுக்குள்ளே போய்விட்டன. கதைப் புத்தகம் என்றால் ஊகித்துப் படித்துவிடலாம். கோண அளவில் வரி முடிகிற இடத்தில் நிற்பது நொடி. டிகிரி இருக்கிறது, நிமிடம் இருக்கிறது, நொடியைக் காணோம்.

முதுகைப் பார்த்தால் 'காஸ் – சூமாக்கர்' என்று இருந்தது. காஸ் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள எழுத்துமுறைதான், அவர் மேல் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, கேஸ் புக்கை எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி பைண்ட் பண்ணினே?" என்று கேட்டார்.

மறுநாள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "ஒரு நொடிதானே சார்" என்று தம்பி சிரித்தார். கடிகாரத்து நொடி என்று நினைத்துவிட்டார். அவருடைய ரசீதுத் தாளைத் திருப்பிப்போட்டு வரைந்து காட்டினேன். கோணத்தில் ஒரு நொடி என்பது ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையைப் பார்க்கும்போது ஒரு நொடி பிசகினால் அந்தப் பக்கம் அரை மீட்டர் விலகிப் போகும். கௌஸ் அளந்த பெரிய முக்கோணத்தின் மூன்று முனையும் மூன்று மலை: ப்ரோக்கன், ஹோஹர் ஹாகன், இன்செல்ஸ்பெர்க். நீளமான பக்கம் சுமார் 107 கிலோமீட்டர். நம்ம மதுரை யானைமலை உச்சியில் நின்று திருச்சி மலைக்கோட்டைக்குக் குறி வைப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள், தூரம் கிட்டத்தட்ட அதேதான்.

"அவ்வளவு தூரம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?" என்றார். நல்ல கேள்வி, அதற்கு ஒரு கதையே இருக்கிறது. 1818இல் லூனெபர்க்கில் நின்று ஹாம்பர்க் மிக்கேல் தேவாலயக் கோபுரத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார் கௌஸ். அந்தக் கோபுரத்தின் ஜன்னல் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசியிருக்கிறது. வேலைக்கு இடைஞ்சல்தான். ஆனால் ஒரு ஜன்னல் கண்ணாடி இவ்வளவு தூரம் கூசுமென்றால், வேண்டுமென்றே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து வெயிலை நம் பக்கம் திருப்பச் சொன்னால் என்ன என்ற யோசனையில் பிறந்தது ஹீலியோட்ரோப் என்ற கருவி, 1821இல். வகுப்பில் கண்ணாடித் துண்டை வைத்து வாத்தியார் முகத்தில் வெயில் அடிப்போமே, அதேதான், குறி தப்பாமல் அடிக்க ஒரு டெலஸ்கோப்பைச் சேர்த்துவிட்டார். பகல் வெளிச்சத்திலேயே தூரத்து மலையில் ஒரு நட்சத்திரம் முளைத்த மாதிரி தெரியும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா இது எங்க தப்புதான் சார். மறுபடி பண்ணித் தர்றேன், காசு வேண்டாம்" என்றார். மார்க் ஏறியது இந்த இடத்தில்தான். காகிதச் செலவிலாவது பாதி வாங்கிக்கொள் என்று நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை வேலை போனது அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம். அவருக்கு அறுபது வயசு இருக்கும், நானும் அக்கா என்றே கூப்பிட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டாக அச்சடித்து, நான்கு தாளைச் சேர்த்து நடுவில் மடித்து, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அடுக்கினார்கள். மூங்கில் பட்டை ஒன்று வைத்திருக்கிறார், கைபட்டுக் கைபட்டுத் தந்தம் மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. அதால் மடிப்பை ஒரே இழுப்பில் அழுத்துகிறார். நூலில் மெழுகு தேய்த்து ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்புக்குள்ளும் ஊசி விட்டு முந்தையதோடு கோக்கிறார். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசை. அந்த வாசனை எனக்குப் பழைய தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமை ஞாபகப்படுத்தியது.

தைக்கும் முன்னே பக்க எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "இந்தப் பக்கம் ரெண்டு தடவை வருது, அடுத்த ரெண்டு பக்கத்தைக் காணோம்" என்றார். ஸ்கேன் எடுத்தவர் எங்கோ ஒரு நூலகத்தில் தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். முதல் தடவை கட்டியதிலும் அது அப்படியே இருந்திருக்கிறது, மாசக்கணக்கில் திரையில் வைத்துப் படித்த நானும் கவனிக்கவில்லை. வேறொரு நூலகப் பிரதியின் ஸ்கேனிலிருந்து அந்த இரண்டு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு மட்டும் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், பரவாயில்லை.

இப்போது புத்தகம் மேஜையில் வைத்தால் தட்டையாக விரிகிறது. நொடி எல்லாம் வெளியே வந்துவிட்டது. கௌஸ் 1827இல் சமர்ப்பித்த வளைபரப்பு ஆய்வில், அந்த மூன்று மலை முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிக்கு மேல் 14.85 நொடி வரும் என்று கணக்குக் காட்டுவார், பூமி உருண்டையாக இருப்பதால் வரும் மிச்சம் அது. வெறும் 14.85 நொடி. முதல் தடவை கட்டிய மாதிரி கட்டினால் ஒரு தையலுக்குள் பூமியின் உருண்டையே போயிருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பாதி சர்வே, பாதி அச்சு வேலை, நடுவில் உடம்பு சரியில்லை என்ற புலம்பல். சர்வே வேலை பார்த்தவனுக்கு முதல் தொகுதி அல்வா. 1820இல் ஹாம்பர்க் பக்கம் ப்ராக் என்ற இடத்தில் ஷூமாக்கர் சுமார் 6 கிலோமீட்டருக்கு ஒரு அடிக்கோடு (தரையிலேயே நேராக அளக்கும் முதல் நீளம்) அளக்கிறார், கௌஸும் போய்க் கூட நிற்கிறார், பிறகு தன்னுடைய முக்கோணங்களுக்கும் அந்த நீளத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார். 1821இலிருந்து 1825 வரை கோடை முழுக்க வெளியே அலைந்திருக்கிறார். லூனெபர்க் புதர்க்காடு தட்டையான பூமி, ஏறிப் பார்க்க மலை கிடையாது, மரம் மறைக்கும். ஆள் வைத்து மரத்தை வெட்டிப் பார்வைக்கு வழி திறந்தால்தான் அடுத்த முனை தெரியும். நாகமலைக்கு மேற்கே கருவேலங்காட்டுக்குள் நான் பட்ட பாட்டை உலகத்தின் பெரிய கணித மேதையும் பட்டிருக்கிறார் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

கோனிக்ஸ்பெர்கில் இருந்த வானியலாளர் பெஸ்ஸலுக்கு இதில் வருத்தம். இப்படிப்பட்ட ஆள் வயல்காட்டில் நேரத்தை வீணாக்குகிறாரே என்று எழுதியிருக்கிறார். அதற்கு 1824இல் கௌஸ் எழுதிய பதில் இந்தத் தொகுதியில் இல்லை, 1880இல் தனியாக வந்த கௌஸ் – பெஸ்ஸல் கடிதங்களில் இருக்கிறது. உலகத்திலுள்ள எல்லா அளவைகளையும் கூட்டினாலும் ஒரு தேற்றத்துக்கு ஈடாகாது என்கிற மாதிரி சொல்லிவிடுகிறார் மனுஷன். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொன்னவர் அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் செய்தார்.

எனக்கு கௌஸைவிட ஷூமாக்கரைப் பிடிக்கிறது. 'கொஞ்சமாக, ஆனால் பழுத்ததாக' என்பது கௌஸின் முத்திரை வாசகம், லத்தீனில் பொறித்து வைத்திருந்தார். அதாவது லேசில் எதையும் அச்சுக்குக் கொடுக்க மாட்டார். அவரிடமிருந்து விஷயத்தைக் கறக்க ஒரு பொறுமைசாலி வேண்டியிருந்தது. வளைந்த பரப்பைத் தட்டைத் தாளில் சின்னச் சின்ன உருவம் மாறாமல் எப்படி வரைவது என்ற கேள்வியை 1822இல் கோபன்ஹேகன் அறிவியல் கழகம் பரிசுப் போட்டியாக வைத்தது, அதற்குப் பின்னால் இருந்தவர் ஷூமாக்கர். கௌஸ் எழுதினார், பரிசு வாங்கினார், அதை 1825இல் தன்னுடைய வெளியீட்டுத் தொடரில் அச்சிட்டவரும் ஷூமாக்கர்தான். இன்றைக்கு நாம் பார்க்கிற வரைபடக் கணக்குக்கெல்லாம் அது ஒரு வேர்.

அவருடைய இதழே பாதி கடிதப்பெட்டிதான். ஆசிரியருக்குக் கடிதம் என்ற வடிவத்தில் வந்ததை அப்படியே அச்சேற்றுவார். 1827இல் யாக்கோபி என்ற இளம் கணிதர் நிரூபணம் எதுவும் இல்லாமல் முடிவுகளை மட்டும் இரண்டு கடிதத்தில் எழுதி அனுப்புகிறார், அதுவும் அச்சாகிறது. அடுத்த வருஷமே ஆபெல் என்ற இன்னொரு இளம் கணிதரின் கட்டுரையும் அதே இதழில் வருகிறது. அச்சுக்காரர்கள் சொன்னபடி எழுதியவர் ஆடிய கதையும் உண்டு: கிரகப் பாதை பற்றிய பெரிய நூலை கௌஸ் ஜெர்மனில் எழுதி வைத்திருக்க, ஹாம்பர்க் பதிப்பாளர் பெர்தெஸ் லத்தீனில் கொடுத்தால்தான் போடுவேன் என்றார், மறுபடி உட்கார்ந்து லத்தீனாக்கிக் கொடுத்து 1809இல் வெளிவந்தது. கௌஸையே திருப்பி எழுத வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் தொகுதியில் 1831 ஜூலை 12 தேதியிட்ட கடிதத்தைத் தேடிப் படியுங்கள். தட்டையான தளத்தில் முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 டிகிரி என்பதை நிரூபித்துவிட்டதாக ஷூமாக்கர் நினைக்க, முடிவிலியை முடிந்துபோன ஒரு அளவாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன் என்று கௌஸ் வெட்டிவிடுகிறார். பெரிய மலை முக்கோணத்தை அளந்ததே பூமியை விட்டு விண்வெளியே வளைந்ததா என்று சோதிக்கத்தான் என ஒரு கதை உலவுகிறது, வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை. நாடு அளக்கப் போனவர் நாட்டைத்தான் அளந்திருப்பார்.

நம்ம பக்கத்தில் அதே காலத்தில் நடந்ததும் படிக்கும்போது கூடவே ஓடுகிறது. லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் 1802இல் பரங்கிமலை பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியவர். 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள தியோடலைட், அதாவது கோணம் பார்க்கும் கருவி, கயிறு அறுந்து மோதி நசுங்கிய கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே போன அவருடைய பெருவளைவு என்ற நீண்ட அளவைக் கோடு 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறது, மதுரை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். அவருக்கு ஒரு ஷூமாக்கர் வாய்க்கவில்லை. கல்கத்தா இதழில் எழுதினார், 1818இல் லண்டனில் ஒரு கட்டுரை வந்தது, 1823இல் வேலையிலேயே செத்துப்போனார்.

பதினொரு நாள் தாமதத்துக்குக் கடையில் கொஞ்சம் குதித்துவிட்டேன், அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது. சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்த பியாஸி பலேர்மோவிலிருந்து 1801 ஜனவரி 24இல் எழுதிய கடிதம் பெர்லினில் போடே என்ற வானியலாளர் கையில் சேர்ந்தது மார்ச் 20. அதற்குள் சீரிஸ் சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது, அதைத் திரும்பப் பிடிக்கத்தான் இளைஞர் கௌஸ் கணக்குப் போட்டார். தந்தி வந்த பிறகு நிலைமை வேறு: 1872 நவம்பர் 30இல் கௌஸ் இருந்த அதே கோட்டிங்கன் வானாய்வகத்திலிருந்து கிளிங்கர்ஃப்யூஸ், பீலா வால்நட்சத்திரத்தைத் தேடச் சொல்லி மெட்ராஸில் இருந்த வானியலாளர் போக்சனுக்குத் தந்தி அடிக்க, மேகம் விலகிய டிசம்பர் 2ஆம் தேதியே போக்சன் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார். அது பீலா இல்லை என்பது பிறகு தெரிந்தது.

காசு விஷயம்: எழுபது ஜிஎஸ்எம் பழுப்புத் தாள், நூல் தையல், கேலிகோ எல்லாம் சேர்த்து இரண்டு தொகுதிக்கும் 1,240 ரூபாய், அதோடு நான் கொடுத்த பாதிக் காகிதச் செலவு. ஒரிஜினல் வாங்க நினைத்தால் இதற்கு அட்டைகூட வராது. போகிறவர்கள் ஜூன் மாசமும் கல்யாண சீசனும் தவிர்த்துவிடுங்கள். கோப்பை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம், பென்டிரைவில் கொண்டுபோங்கள். முதுகோரத்தில் முக்கால் அங்குலம் இடம் விட்டு ஒரே ஒரு ஃபாரம் அடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். குத்துத் தையல் வேண்டாம், ஃபாரம் தையல் என்று வாயால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எது சீக்கிரம் முடியுமோ அதைத்தான் போடுவார்கள். வண்டி நிறுத்த இடமில்லை, சந்து முனையில் உள்ள டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார், ஆனால் டீ குடிக்க வேண்டும்.

போன வாரம் மூன்றாம், நான்காம் தொகுதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீதில் 'கௌஸ் 3, 4 – ஃபாரம் தையல், அக்கா' என்று தம்பி எழுதியிருக்கிறார். டெலிவரி தேதி என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.